கைபடும் இடம்

தங்கச்சிமடத்தில் வீடு கட்டினால்
முதல் விருந்தாளி உப்பு.
பால் காய்ச்சும் முன்பே வந்து
ஜன்னல் கீலில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுப்படி அலமாரிக்கு
இருபத்து மூன்று கைப்பிடி வேண்டும் என்றார்
தச்சர் முத்திருளாண்டி.
போனில் படம் படமாய்த் தள்ளிக் காட்டினார்:
குமிழ், கம்பி, சிப்பி,
மாம்பிஞ்சு போல ஒன்று,
யார் வீட்டு வெயிலிலோ மின்னுகிற ஒன்று.
"எவர்சில்வர்னா ரெண்டு வருசம்.
பித்தளைன்னா பேரப்பிள்ளை வரைக்கும்."
பேரப்பிள்ளையை விடுங்கள்,
இந்தக் கச்சானைத் தாண்டட்டும் என்றேன்.

ராமநாதபுரத்தில் நெய்னா ஹார்டுவேர்ஸ்.
கண்ணாடி மேசைமேல் சிவப்புத் துணி விரித்து
நகைபோல் அடுக்கினார் கடைக்காரர்.
செலஸ்டின் சட்டைப்பையிலிருந்து
பழைய டைனமோவில் கழற்றிய காந்தத்தை எடுத்தார்.
ஒன்றில் வைத்தார். ஒட்டியது.
இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் முன்பே
அது ஓடிவந்து ஒட்டியது.
"பித்தளை வேசம் கட்டுன இரும்பு" என்றார்,
யார் முகமும் பாராமல்.

கடைக்காரர் கோபிக்கவில்லை.
உள்ளே போய் தூசி படிந்த டப்பா ஒன்றைத் தூக்கி வந்தார்.
"இது கனக்கும். விலையும் கனக்கும்."
அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார் செலஸ்டின்:
கடல்தண்ணியிலேயே கிடந்த பித்தளை
ரோசாப்பூ நிறமாகிவிடுமாம்.
அழகாய்த்தான் இருக்குமாம்,
தட்டினால் ரஸ்க் மாதிரி உடையுமாம்.
"அடுப்படிக்குள்ள கடல் வராதே, தம்பி."
எங்கள் ஊரில் வரும் என்றேன் நான்.

நான் காந்தம் கொண்டுபோகவில்லை,
கை கொண்டுபோயிருந்தேன்.
நண்டுக் கம்பெனியில் பதினோரு வருடம்
ஓடு உடைத்துச் சதை எடுத்த கை.
விரல்நுனியில் பழைய கீறல்மேல் புதிய கீறல்.
குமிழ் என்றால் மூன்று விரலும் சேர்ந்து கிள்ள வேண்டும்.
கம்பி நைட்டியை மாட்டி இழுக்கும்.
சிப்பிப் பிடி, கவிழ்த்துவைத்த மட்டி.
அடியில் சுண்டுவிரலை விட்டால் போதும்,
மாவுக் கையோடும் மீன் கையோடும்.
கடை மேசை இழுப்பறையில் ஒன்றை முடுக்கச் சொல்லி
ஏழெட்டு முறை திறந்து மூடினேன்.
உள்ளே ரசீதுப் புத்தகம், இருமல் மருந்து,
பாதி கடித்த பேரிக்காய்.

அன்றைக்கு வாங்கவில்லை.
மூன்றை மட்டும் கேட்டு எடுத்துவந்து
துணி காயும் கயிற்றில்
தென்கடலைப் பார்த்துத் தொங்கவிட்டேன்:
முலாம் பூசியது, அரக்குப் பூசியது,
எதுவும் பூசாதது.
பக்கத்து வீட்டு ரெஜினா கேட்டாள்,
"எந்தக் கோயிலுக்கு நேர்ச்சை?"
"அடுப்படிக்கு."

நாற்பது நாள் காற்று.
முலாம் உரிந்து பல்லை இளித்தது.
அரக்குக்கு அடியில் ஓரமாய் உப்பு நுழைந்து
மரவட்டை ஊர்ந்த தடம்.
பூசாதது கறுத்துவிட்டது,
திருகுத் துளையில் மட்டும் பச்சை.
ஆனால் துணி எடுக்கப் போகும்போதெல்லாம்
நான் தொட்டுத் தொட்டுப் பார்த்த இடம்
பெருவிரல் அகலத்துக்கு மஞ்சளாய் விழித்திருந்தது.

இதுதான் என்றேன்.
"கறுப்பையா காசு குடுத்து வாங்குவீங்க?"
முத்திருளாண்டி உளியைக் கீழே வைத்துவிட்டார்.
செலஸ்டினோ
வழக்கமில்லாத மும்முரத்தோடு
அரக்கே நல்லது, அரக்கே நல்லது என்று
இரண்டு நாள் பின்னாலேயே வந்தார்.

மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது.
பூசாத பித்தளை கணக்கு எழுதும்.
உப்பு ஜாடியின் கதவு மின்னும்.
மிளகாய்த்தூள் மின்னும்.
விட்டுவிட்டதாய்ச் சத்தியம் செய்த பீடிக்கட்டை
எந்த அறையில் ஒளித்தாலும்
ஆறே மாதத்தில் அதுவும் மின்னும்.

இருபத்து மூன்றும் பூசாததே வாங்கினோம்.

மேல்வரிசை மூலையில்
குக்கர் பெட்டிக்குப் பின்னால்
என் சீட்டுப்பணம் இருக்கிறது.
அந்தக் கதவை மட்டும்
கரித்துணியால் பிடித்துத் திறக்கிறேன்.